கோடு போடாத பிரதி

சுவர் உண்டு, கூரை இல்லை. தெரு உண்டு, ஊர் இல்லை. உள்ளே போக வாசல் உண்டு, தட்டிக் கூப்பிடக் கதவு இல்லை. விரல் நடந்து போகும், கால் நடந்து போகாது. அது என்ன?

தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள். தெரியாதவர்கள் பழைய படக்கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கடைசிக்கு முந்தின பக்கத்தைப் பாருங்கள். கோடுகள் வளைந்து வளைந்து சந்துகளாகி, சந்துகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ஒரு மூலையில் குரங்கும் மறு மூலையில் வாழைப்பழமும் இருக்க, மேலே 'வழி கண்டுபிடி' என்று தலைப்புப் போட்டிருக்கும். அதுதான் விடை. ஆனால் கால் நடந்து போகாது என்ற கடைசிப் பகுதி திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் மட்டும் செல்லாது, ஏனென்றால் அங்கே சவரிமுத்து என்கிற பஸ் கண்டக்டர், செருப்பைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் விட்டுவிட்டு, அந்தச் சந்துகளுக்குள் காலால் நடந்து போனார்.

சவரிமுத்துவுக்குக் குமுளி வண்டியில் வேலை. வண்டி நிற்கும் ஊர்களில் டிரைவர் டீ குடிப்பார், பயணிகள் வடை தின்பார்கள், சவரிமுத்து மட்டும் டிக்கெட் பையைத் தோளில் மாட்டியபடியே பழைய பேப்பர் கடையைத் தேடிப் போய், எடைக்குப் போட்ட பள்ளிக்கூட நோட்டுகளுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து, படக்கதைப் புத்தகம் தேடுவார். கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, மெல்லிய துணியால் தூசி தட்டி, பூச்சி வராமல் இருக்க வசம்புத் துண்டு ஒன்றோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் அரிசி டிரம்முக்குப் பின்னாலும் அடுக்குவார். அவர் மனைவி அமலோற்பவம் இதற்காகச் சண்டை போட்டு, அழுது, பேசாமல் இருந்து பார்த்து, கடைசியில் ஓய்ந்துபோய், "அரிசி டிரம் பக்கம் மட்டும் வைக்காதீங்க, சோறு வசம்பு வாசம் அடிக்குது" என்ற ஒரே நிபந்தனையோடு விட்டுவிட்டாள்.

அவரைப் போலவே பித்துப் பிடித்தவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சவரிமுத்து நேராகச் சலாம் பாயின் ஹார்டுவேர் கடை மாடிக்குப் போவார். அங்கே பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து, விற்பார்கள், வாங்குவார்கள், மாற்றிக்கொள்வார்கள், எந்த மாதத்து இதழில் எந்தப் பக்கம் தலைகீழாக அச்சானது என்பதைப் பற்றி உறவு முறிந்துபோகும் அளவுக்கு வாதம் செய்வார்கள்.

"நடுத்தாள்ல பின் துருப்பிடிச்சிருக்கு பாய், பாதி விலைதான் தருவேன்" என்பார் ஒருவர்.

"எனக்கும்தான் முட்டி துருப்பிடிச்சிருக்கு. அதுக்காக என்னைய பாதி ஆளுன்னா சொல்றீங்க?" என்பார் சலாம் பாய்.

அந்தக் கூட்டத்தில் பெரிய கை பல் டாக்டர் ஞானசேகர். புத்தகங்களுக்கென்றே வீட்டில் ஏசி அறை வைத்திருந்தவர். துருப்பிடித்த பின்னைப் பல் பிடுங்கும் நுணுக்கத்தோடு, தாளுக்கு வலிக்காமல் எடுக்கத் தெரிந்தவர். 'செங்கழுகு சித்திரக்கதை' என்று முன்னொரு காலத்தில் மாதாமாதம் வந்து நின்றுபோன புத்தகத்தின் எல்லா இதழ்களும் அவரிடம் இருந்தன, கடைசி இதழைத் தவிர. கடைசி இதழும் இருந்தது, ஆனால் அது கோடு போட்ட பிரதி.

இந்தக் கோட்டு விவகாரத்தைச் சொல்லாவிட்டால் மேலே கதை புரியாது. செங்கழுகின் கடைசி இதழில் 'தொலைந்த ஆட்டுக்குட்டியை வீட்டில் சேருங்கள்' என்று ஒரு வழி கண்டுபிடிக்கும் படம் முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது. இடது மூலையில் ஆட்டுக்குட்டி, நடுவில் சந்துகள் சூழ ஓட்டு வீடு, வீட்டுக்கு ஒரு ஜன்னல், கூரை மேல் புகை. கீழே பொடி எழுத்தில், 'பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். பெரியவர்கள் உதவக் கூடாது. விடை அடுத்த இதழில்' என்று அச்சிட்டிருந்தார்கள். அடுத்த இதழ் வரவில்லை. வாங்கிய பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கத்தில் பேனாவாலும் பென்சிலாலும் அடுப்புக் கரியாலும் இழுத்துத் தள்ளியிருந்ததால், கோடு போடாத பிரதி என்பது தேடுகிறவர்களின் வாயில் மட்டும் இருந்தது. ஆகவே அந்த இதழ் கையில் கிடைத்தால் அட்டையை யாரும் பார்ப்பதில்லை; முதலில் அந்தப் பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து, அழித்த பென்சில் தடம் பள்ளமாகத் தெரிகிறதா என்று பார்த்து, தடம் இருந்தால் தலையை ஆட்டி ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியது சலாம் பாயின் கடை மாடியில் சாக்குக்குள் போகும். அட்டை கிழிந்த வேறு புத்தகத்துக்கு அட்டையாகவோ, நடுத்தாள் இல்லாத வேறு புத்தகத்துக்கு நடுத்தாளாகவோ அது பிறகு பயன்படும். வழியை மட்டும் யாரும் தேட மாட்டார்கள். ஆசை வந்தால் விரலைத் தாளில் படாமல், ஒரு மயிரிழை மேலே மிதக்கவிட்டுக் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு எடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

சவரிமுத்து கம்பத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் கோடு போடாத பிரதியைக் கண்டெடுத்தார். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், தோள் பையைக்கூட இறக்காமல், சாப்பாட்டு மேசையில் அதை விரித்து உட்கார்ந்தார். அமலோற்பவம் அடுப்படியில் வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட வாங்க."

"இதோ, ஒரு திருப்பம்தான்."

"விரலைத் தாள்ல படாம வெச்சுத் தேடுனா எப்படிங்க வழி கிடைக்கும்?" என்று அவள் வாணலியைப் பார்த்தபடி கேட்டாள். தட்டோடு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

அவர்களுடைய மகள் ரோஸ்லின், ஒன்பது வயது, மேசை மேல் முழங்கையை ஊன்றிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா எங்கடி?"

"ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்துல நிக்கிறார்ம்மா" என்றாள் ரோஸ்லின்.

அமலோற்பவம் குனிந்து பார்த்தாள். அரிசி அளவுக்கு ஒரு ஆள். தோளில் பை. முன்நெற்றி வழுக்கை. தட்டை மேசையில் வைத்தாள். அடுப்பு எரிகிற நினைவு வந்து, உள்ளே போய் அணைத்தாள். திரும்பி வந்து பார்த்தபோது அரிசி அளவு ஆள் ஒரு சந்து தள்ளி நின்றிருந்தார்.

முதலில் வந்தவர் சலாம் பாய். பார்த்துவிட்டு நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஞானசேகர் வந்தார், பல்லைப் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, மூச்சுக்காற்று தாளில் படாமல் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, மூலைக்கு மூலை பார்த்தார்.

"ஒட்டினது இல்லை. வரைஞ்சதும் இல்லை" என்றார். "அச்சு. அதே மை, அதே நாள்ல அடிச்சது."

"அப்போ இதைக் கோடு போடாத பிரதின்னு சொல்லலாமா, கூடாதா?" என்று கூட வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

"கோடு எங்க இருக்கு? ஆள்தான் இருக்கார்" என்றார் சலாம் பாய். "முதல்ல அவர் சாப்பிட்டாரான்னு கேளுங்கப்பா."

அன்று தொடங்கி ஊர் அதைத் தன் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. சவரிமுத்து வேலை பார்த்த பணிமனையிலிருந்து ஒருவர் வந்து, பார்த்து, சீருடையோடும் பையோடும் இருப்பதால் பணியில் என்று போடுவதா, வண்டியில் இல்லாததால் விடுப்பு என்று போடுவதா என்று வாசலில் நின்று போனில் கேட்டு, விடுப்பு என்றே போட்டுக்கொண்டு போனார். பங்குத்தந்தை தீர்த்தச் செம்போடு வந்தார். அவர் கையை ஓங்கியதும் படக்கதைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் "சாமி, தண்ணி" என்று பதறியதால், வெறுங்கையால் சிலுவை வரைந்து ஆசீர்வதித்தார். போகும்போது தயங்கி நின்று, தானும் சின்ன வயதில் செங்கழுகு படித்ததுண்டு என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சாயங்கால செபமாலைக்கு அந்த மேசையைச் சுற்றியே உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் அவரிடம் மீதிச் சில்லறைக்குச் சண்டை போட்டவர்கள்கூட வந்து பார்த்துவிட்டு, மனஸ்தாபம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குனிந்து பார்க்கும்போது யாரும் தும்மக் கூடாது என்பதைத் தவிர வேறு விதி எதுவும் இருக்கவில்லை.

ஆனால் அமலோற்பவத்தின் பாடு வேறாக இருந்தது. புத்தகத்தை மூடினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே மூட முடியாது. பக்கம் புரண்டுவிடும் என்று மின்விசிறி போட முடியாது. மேசையில் சாப்பிட முடியாது. அவள் காலையில் எழுந்ததும் முதலில் போய் அவர் எந்தச் சந்தில் இருக்கிறார் என்று பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவர் அசைவதில்லை, கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் நகர்ந்திருப்பார். போன வழியே திரும்பி வருவார், முட்டுச் சந்தில் போய் நிற்பார், மறுபடி திரும்புவார். "ஏங்க, அந்தப் பக்கம் நேத்தே போயிட்டுத்தானே வந்தீங்க" என்று அவள் சொல்வாள். ஊரில் எந்தச் சந்தில் இறக்கிவிட்டாலும் பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்லும் மனிதர் ஒரு தாளுக்குள் தடுமாறிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ரோஸ்லின், "அப்பா வெளுத்துப்போறார்" என்றாள்.

உண்மைதான். ஆட்டுக்குட்டி கறுப்பாகவே இருந்தது. அவர் மட்டும் டீக் கறை நிறத்துக்கு வந்திருந்தார். ஞானசேகர் வந்து பார்த்தார்.

"பழைய தாளும்மா. வெளிச்சம் படப் படப் பழுப்பாகும். தாள் பழுப்பாகப் பழுப்பாக, அவர் அதுல கரைஞ்சிடுவார்."

"திரையை இழுத்து விட்டிருக்கேனே டாக்டர்."

"போதாது."

அதற்கு மேல் சலாம் பாய்க்குப் பொறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து, கடையில் பலகைக்குக் குறி போடும் பென்சிலை எடுத்தார். ஞானசேகர் பாய்ந்து கையைப் பிடித்தார்.

"பாய், இந்த உலகத்துல இருக்கிற ஒரே பிரதி."

"டாக்டர், இந்த வீட்டுல இருக்கிற ஒரே ஆம்பளை" என்று கையை உதறினார் சலாம் பாய்.

ஆனால் பென்சில் எழுதவில்லை. கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கியது. அமலோற்பவம் வாங்கி எழுதிப் பார்த்தாள், அவளுக்கும் எழுதவில்லை. அப்போதுதான் சலாம் பாய் குனிந்து கீழே இருந்த பொடி எழுத்தை உரக்கப் படித்தார். பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்.

ரோஸ்லின் கையில் பென்சிலைக் கொடுக்க அமலோற்பவத்துக்கு முதலில் மனம் வரவில்லை. பக்கத்து வீடுகளில் அந்த வயதுப் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. ஆனால், "ஏதாச்சும் ஆயிட்டா எம்புள்ள பேர்ல பழி வந்துரும்க்கா" என்று தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அமலோற்பவம் அவர்களைக் குறை சொல்லவில்லை. தன்னிடம் கேட்டிருந்தால் தானும் சாத்தியிருப்பாள்.

ரோஸ்லின் பள்ளிக்கூடப் பையிலிருந்து தன் பென்சிலை எடுத்து வந்து, அப்பாவின் பக்கத்தில் வைத்து இழுத்தாள். கோடு விழுந்தது. ஞானசேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இடது பக்கம் பாப்பா, இடது பக்கம்" என்றார் சலாம் பாய். சொன்ன மறுகணமே பென்சில் வழுக்கியது. பெரியவர்கள் உதவக் கூடாது. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்ட பிறகு மறுபடி எழுதியது. சவரிமுத்து அப்போது ஒரு முட்டுச் சந்தின் கோடியில் நின்றிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நீளமான சந்து ஒன்று வீட்டை நோக்கிப் போனது. எந்தப் பிள்ளையும் செய்வதைப்போல ரோஸ்லின் சுவரைத் தாண்டிக் குறுக்கே ஒரு சின்னக் கோடு இழுத்து நிறுத்தினாள்.

மறுநாள் காலையில் சவரிமுத்து சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவர் தோளில் பை இல்லை. பை சுவருக்கு இந்தப் பக்கமே, வார் தொங்கியபடி கிடந்தது.

வந்து பார்த்தவர்கள் அதைப் பற்றி மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள். சுவரைத் தாண்டினால் ஏதோ ஒன்றைச் சுவர் வைத்துக்கொள்கிறது. முதல் சுவர் பையோடு விட்டது. அடுத்த சுவர் எதை வாங்கும்?

"சுவரைத் தாண்டாம வழி இருக்குமில்ல?" என்று அமலோற்பவம் கேட்டாள். "இத்தனை வருசமா இந்தப் புத்தகத்தையே கட்டிக்கிட்டு அழுறீங்களே, ஒருத்தருக்குக்கூட வழி தெரியாதா?"

ஞானசேகர் பூதக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அமலோற்பவம் விடவில்லை.

"சரி, கோடு போட்ட புத்தகம் எல்லாம் வெச்சிருப்பீங்களே. அதுல புள்ளைங்க வழி போட்டிருக்கும்ல. எடுத்துட்டு வாங்க."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோடு இருக்கிறதா என்று பார்க்க அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை திருப்பியவர்களுக்கு, கோடு எங்கே போகிறது என்று பார்க்க ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. சலாம் பாய் கடை மாடியிலிருந்து சாக்கைத் தோளில் தூக்கி வந்து கூடத்தில் கொட்டினார். அட்டை உரித்ததும் நடுத்தாள் பிடுங்கியதுமாக, இறைச்சிக் கடை மிச்சம்போல் அவை கிடந்தன. எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஆளுக்கொன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிள்ளை நீலப் பேனாவால் நேராகப் போய்க் கடைசிச் சுவரில் முட்டி, அதைத் தாண்டியிருந்தது. இன்னொன்று முதல் சுவரையே தாண்டியிருந்தது. ஒன்று சுவரில் ஏணி வரைந்திருந்தது. ஒன்று கோடே போடாமல் ஆட்டுக்குட்டியைச் சுற்றிப் புல் வரைந்து வைத்திருந்தது. எந்த இரண்டு பிள்ளைகளின் கோடும் ஒரே இடத்தில் சுவரைத் தாண்டவில்லை. ஆனால் தாண்டாமல் போன கோடு ஒன்றுகூட இல்லை.

ஞானசேகர் பல் குத்தும் கம்பியின் நுனியைக் காற்றில் மிதக்கவிட்டுக்கொண்டு, வீட்டைச் சுற்றியிருந்த சுவரை முழுக்க ஒரு சுற்று வந்தார். பிறகு பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வழி இல்லை. படம் போட்டவன் கடைசிச் சந்தை அடைச்சுட்டான். வீட்டைச் சுத்தி வாசலே இல்லாத சுவரு."

"அடப்பாவி" என்றார் சலாம் பாய். "நாம இதைப் போய் உசிரு மாதிரி தேடியிருக்கோம்."

மறுநாள் ஞானசேகர் தனியாக வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்தப் புத்தகத்தை என்கிட்ட கொடுத்துடுங்க. விலையை நீங்களே சொல்லுங்க, அதைப் பத்திப் பேச்சே இல்லை. கண்ணாடிப் பெட்டி பண்ணச் சொல்லியிருக்கேன். திறந்த மாதிரியே, இந்தப் பக்கம் மேல இருக்க, இருட்டுல, குளிர்ல வெச்சிருவேன். பூச்சி வராது. இதுக்கு மேல ஒரு பொட்டுகூட வெளுக்க மாட்டார். நீங்களும் பாப்பாவும் எப்ப வேணாலும் வந்து பார்க்கலாம். இப்ப அவர்கிட்ட இருந்து போனது ஒரு பைதான். அதோட நிறுத்திக்கலாம்."

"வெளியே வர மாட்டாரே டாக்டர்."

"இல்லாமப் போகவும் மாட்டார்."

அவர் அதைப் பேராசையில் சொல்லவில்லை. அதுதான் அமலோற்பவத்துக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் போய் அந்த ஏசி அறையைப் பார்த்தாள். சுவரை அடைத்து அலமாரிகள். ஒவ்வொரு புத்தகமும் உறைக்குள், ஒவ்வொரு உறையிலும் பெயரும் வருடமும். குளிராக, சுத்தமாக, சத்தமில்லாமல் இருந்தது. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் கழுவிச் சுண்ணாம்பு அடித்த கல்லறைத் தோட்டம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். அங்கேயும் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சவரிமுத்து நீளச் சந்தின் கோடியில் வீட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தார்; அவருக்கும் ஓட்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இப்போது குனிந்தால் மட்டும் போதாது, மூக்கு படும் அளவுக்குப் போனால்தான் தெரிந்தார். ஒரு சுவர்தானே, எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு மனம் சொன்னது. எதை? குரலை வாங்கிக்கொண்டால்? குமுளி வரைக்கும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரல். அவள் முகத்தையே அவர் மறந்துவிட்டு வந்தால்? புத்தகப் பித்தை வாங்கிக்கொண்டால் நல்லதுதான் என்று ஒரு கணம் நினைத்து, உடனே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அது போய்விட்டால் வந்து சேர்வது யார்?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோரும் வந்தார்கள். யாரும் அழைக்கவில்லை. கூடம் நிறைந்து, வாசல் நிறைந்து, ஜன்னல் கம்பியில் முகங்கள் நிறைந்தன. ஞானசேகர் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து, புத்தகத்துக்குப் பக்கத்தில் மேசை மேல் வைத்தார். ரோஸ்லினின் பென்சிலைச் சீவி அந்தப் பக்கம் வைத்தார் சலாம் பாய்.

"வரைய முடிஞ்சவ அவதான். அதனால முடிவும் அவளே சொல்லட்டும்" என்றாள் அமலோற்பவம். இதைச் சொல்ல அவள் முந்தின நாள் முழுக்கத் தன்னோடு சண்டை போட்டிருந்தாள்.

"சின்னப் பிள்ளை மேல இவ்வளவு பெரிய சுமையை வைக்கலாமாம்மா?" என்றார் ஞானசேகர்.

"வைக்கக் கூடாதுதான் டாக்டர். உங்க பென்சில் எழுதுனா நீங்க வரையுங்க."

அவர் பின்னால் நகர்ந்தார். அமலோற்பவம் மகளைக் கூப்பிட்டு, தலையை நீவி, நாற்காலியில் உட்காரவைத்தாள். "பெட்டியில வெச்சா அப்பா இப்படியே இருப்பார். வரைஞ்சா ஏதாச்சும் ஒண்ணை விட்டுட்டு வருவார், என்னன்னு தெரியாது. ரெண்டுல எது செஞ்சாலும் அம்மா உன்னைய ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இப்ப சொல்றதுதான், இதுக்கப்புறம் யாரும் பேச மாட்டோம்."

ரோஸ்லின் பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடியில் விரலை வைத்து, ஜில்லென்று இருந்ததோ என்னவோ, எடுத்துக்கொண்டாள். பிறகு பென்சிலை எடுத்தாள். ஞானசேகர் கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னலில் இருந்த யாரோ பெருமூச்சு விட, சலாம் பாய் திரும்பி முறைத்தார்.

அவள் உடனே வரையவில்லை. தாள் மேல் மூக்கு படும்படி குனிந்து, அப்பாவைப் பார்த்தாள், அந்த ஒற்றைச் சுவரைப் பார்த்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டை வெகுநேரம் பார்த்தாள். பென்சில் முனை சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றது. அரை விரல் நீளம்கூட இல்லை. ஒரே இழுப்பு. முடிந்துவிடும்.

ரோஸ்லின் நிமிர்ந்தாள்.

"அம்மா, இந்த வீட்டுல யாரும்மா இருக்காங்க?"

அமலோற்பவம் வாயைத் திறந்தாள். பெரியவர்கள் உதவக் கூடாது. இத்தனை நாளும் அந்த வீட்டைத் தன் வீடு என்றே நினைத்திருந்தாள். ஞானசேகரும் அப்படித்தான், சலாம் பாயும் அப்படித்தான், செபமாலை சொன்ன பெண்கள் எல்லோரும் அப்படித்தான். அந்த ஜன்னலையும் புகையையும் இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அடுப்பு எரிகிறது, யார் எரிக்கிறார்கள்? ஒரு சொல் சொன்னாலும் பென்சில் வழுக்கிவிடும். முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். மகள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மகளைப் பார்க்காமல் இருக்கத் தரையைப் பார்த்தாள், ஏனென்றால் கண்ணால் சொல்வதும் உதவிதான்.

அப்பா நிற்கும் இடத்துக்கும் தாளின் இந்தப் பக்க விளிம்புக்கும் நடுவில் எத்தனை சுவர் இருக்கிறது என்று கூடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். ஒவ்வொன்றும் ஒன்றை வாங்கும்.

ரோஸ்லின் கோட்டை அந்த வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அப்பா நின்ற இடத்தில் பென்சிலை வைத்து, நேராகத் தன் பக்கம் இழுத்து, நடுவில் இருந்த சுவர்களை எல்லாம் தாண்டி, தாளின் விளிம்பைத் தாண்டி, சாப்பாட்டு மேசைப் பலகை மேல் கொண்டுவந்து நிறுத்தினாள்.